டீச்சரைக் கேளுங்கள்: சாய்ஸில் விட முடியாத பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு சின்ன அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். 9 முதல் 12 வரை சேர்த்தாலும் இருநூறு பிள்ளைகள் தேறாது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு இத்தனை என்று இல்லாமல் 1 முதல் 4 வரை போடுகிற எங்கள் மார்க் அட்டையைப் பற்றியே இருப்பதால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: கணவருக்கு எசெக்ஸ் ஜங்ஷன் சிப் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ஆகஸ்டில் நியூ ஜெர்சியிலிருந்து வந்தோம். மகள் பத்தாவது. அங்கே 95, 97 என்று வாங்கியவள். இங்கே எல்லாவற்றிலும் 3, ஓரிடத்தில் 2. நாலுக்கு மூன்று என்றால் 75 தானே? கேட்டால் “இது நல்ல மார்க்தான்மா” என்கிறாள். நம்புவதா?
*ஒரு அம்மா, எசெக்ஸ் ஜங்ஷன்*

நம்புங்கள். அந்த 3-ஐ நூற்றால் பெருக்கி நாலால் வகுக்காதீர்கள், அதுதான் முதல் வேலை. முதல் வருடம் நானே இதைத்தான் செய்தேன், கணக்கு டீச்சர் என்ற திமிரில்.

நம் ஊரில் டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றாமல் போட்டால் லைசென்ஸ், ஊன்றினால் மறுபடி வா. பயிற்சிக்கு எத்தனை நாள் போனாய், முதல் நாள் எத்தனை முறை விழுந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. 3 என்பது எட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். 2 என்றால் இன்னும் கால் ஊன்றுகிறாள். 1 என்றால் இப்போதுதான் வண்டியில் ஏறியிருக்கிறாள். 4 என்பது கற்றுக்கொண்டதை, சொல்லித்தராத ஓரிடத்தில் தானாகவே எடுத்துப் பயன்படுத்துவது. எங்கள் பள்ளியில் 4 அபூர்வம்தான். எல்லாவற்றிலும் 4 வைத்திருக்கிற பிள்ளை இருந்தால், நாங்கள் தாராளமாகப் போடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுப்பாடம் நேரத்துக்குக் கொடுத்தாளா, வகுப்பில் ஒழுங்காக இருந்தாளா என்பதெல்லாம் அட்டையில் தனி வரிசையில் இருக்கும். அது பாட மார்க்கில் கலக்காது. பழைய முறையில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாலே பத்து மார்க் ஏறும். அது இங்கே கிடையாது. 95-இல் எவ்வளவு அறிவு, எவ்வளவு அட்டை போட்ட நோட்டு என்று இனித்தான் உங்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு 2 எதில் என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேளுங்கள். “கணக்கில் 2” என்று இருக்காது. “வரைபடத்திலிருந்து சமன்பாடு எழுதுவது” என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு டீச்சரிடம் போனால் பத்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் பள்ளிப் பட்டம் (ஹைஸ்கூல் டிப்ளமோ) வாங்க என்ன கணக்கு? எத்தனை கிரெடிட்? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.
*ஓர் அப்பா, பர்லிங்டன்*

ஆளுக்கொரு பதில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாநிலம் ஒரு சட்டகத்தைக் கொடுக்கிறது, உள்ளே இருப்பதை அந்தந்த ஊர்ப் பள்ளி வாரியம் நிரப்புகிறது.

அமெரிக்காவில் கிரெடிட் என்பது ரொம்பக் காலமாக நேரக் கணக்கு. 1906-இல் வந்த கார்னெகி யூனிட்டின்படி, ஒரு பாடத்துக்குச் சுமார் 120 மணி நேரம் வகுப்பில் இருந்தால் ஒரு யூனிட். பக்கத்து மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர் 2005-இல் இதை விட்டு, தெரிந்ததைக் காட்டினால்தான் கிரெடிட் என்று மாறியது. வெர்மான்டில் 2013-இல், பிள்ளைகள் பல வழிகளில் படித்து முடிக்க இடம் தருகிற 77-ஆம் சட்டம் வந்தது, அடுத்த வருடம் கல்வித் தர விதிகள் வந்தன. 2020-இல் வெளியேறும் செட்டிலிருந்து, திறமையைக் காட்டித்தான் பட்டம் என்று ஆனது. (அந்த முதல் செட்டுக்குக் கோவிட் வந்து சேர்ந்தது. அவர்கள் தலையெழுத்து.) பள்ளிகள் விரும்பினால் கிரெடிட் என்ற பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை உட்கார்ந்த நேரத்தை வைத்துக் கொடுக்கக் கூடாது.

எதிலெல்லாம் காட்ட வேண்டும்? மொழி, கணக்கு, அறிவியல், உலகக் குடிமை (வரலாறும் சமூக அறிவியலும் அதில் அடக்கம்), கலை, உடற்கல்வி, உடல்நலம். இவை போக, எல்லாப் பாடத்திலும் ஊடாடி வருகிற ஐந்து பொதுத் திறன்கள்: தெளிவாகப் பேசுவது எழுதுவது, தன்னைத்தானே நடத்திக்கொள்வது, சிக்கலை அவிழ்ப்பது, பொறுப்புள்ள குடிமகனாக இருப்பது, பலதைக் கோத்து யோசிப்பது. பெரிய பெரிய வார்த்தைகளாகத் தெரிகிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை நாலு பெரியவர்கள் முன்னால் நின்று இருபது நிமிஷம் தன் வேலையை விளக்கி, குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்வதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் மாறியது.

நான் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவள். கணக்கில் நிகழ்தகவை முழுசாகச் சாய்ஸில் விட்டேன். மார்க்குக்கு ஒரு குறையும் வரவில்லை. பிற்பாடு அதே நிகழ்தகவைப் பாடம் நடத்த வேண்டி வந்தபோது, ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முந்திப் படித்தேன். 35 எடுத்தால் பாஸ் என்றால் அந்த 35 எது, விட்டுப்போன 65 எது என்று யாருக்கும் தெரியாது. சராசரியின் தொல்லையே இதுதான். இந்த முறையில் சாய்ஸில் விட முடியாது. பின்னம் தெரிந்தால் போதும், வடிவியல் வேண்டாம் என்று நழுவ வழியில்லை. எனக்கு இதில் பிடித்தது இந்த ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

உங்கள் பள்ளி வாரியத்தின் பட்ட விதி அவர்கள் இணையதளத்தில் இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே அதை எடுத்துப் படியுங்கள். பன்னிரண்டாவது வருடம் மார்ச் மாதம் என்னிடம் ஓடிவருகிற பெற்றோர்தான் அதிகம்.

கேள்வி: பேரன் போனில், “பரவாயில்லை பாட்டி, திரும்ப எழுதிக்கலாம்” என்கிறான். திரும்பத் திரும்ப எழுதலாம் என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்?
*ஒரு பாட்டி, மதுரை*

பாட்டி கேட்டதைத்தான் எங்கள் ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம்.

சும்மா திரும்ப எழுத விடமாட்டோம். முதலில் தப்பு எங்கே என்று தானே எழுதி வர வேண்டும், கொடுத்த பயிற்சியை முடிக்க வேண்டும், மதியம் என்னோடு உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் வேறு வினாத்தாள். சில பிள்ளைகளுக்கு அந்த முதல் படியே போதும், ஓடிவிடுவார்கள். வருடம் முழுக்கச் சாவகாசமாக இருந்துவிட்டு, ஜூன் முதல் வாரத்தில் என் கதவு முன்னால் வரிசையில் நிற்பவர்களும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஆனால் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவம்பரில் எதிர்விகிதத்தில் 1 வாங்கினான். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பது வாயில் வருகிறது, வரைபடம் போடச் சொன்னால் நேர்கோடு போடுகிறான். அவன் வீட்டில் மேப்பிள் மரம். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போல, இங்கே மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை மரத்தில் நீர் இறங்கும். அந்த நாட்களில் பையன் பாதித் தூக்கத்தில்தான் வருவான்.

மார்ச்சில் ஒரு நாள், பாகு கறை படிந்த ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். இவர்களிடம் 86 விதி என்று ஒன்று இருக்கிறது. மர நீரில் எத்தனை சதவீதம் சர்க்கரையோ, அதால் 86-ஐ வகுத்தால் ஒரு காலன் (இந்த ஊரில் லிட்டருக்குப் பதிலாக இருக்கிற அளவு) பாகுக்கு எத்தனை காலன் நீர் வேண்டும் என்று வந்துவிடும். 2 சதவீதம் என்றால் 43 காலன். இரண்டரை என்றால் 34 சொச்சம். ஒன்றரைக்கு இறங்கினால் 57-ஐத் தாண்டும். பையன் ஒவ்வொரு நாள் சர்க்கரையையும் குறித்து, புள்ளி வைத்து இணைத்திருந்தான். கோடு வளைந்திருந்தது.

“ஏன் நேராகப் போகவில்லை?” என்றேன்.

“அரை சதவீதம் குறைந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீர் கூடவில்லையே. குறையக் குறைய நிறையக் கூடுகிறது.”

“சர்க்கரை பூஜ்யம் ஆனால்?”

சிரித்தான். “அது வெறும் தண்ணீர். காட்டில் உள்ள விறகெல்லாம் தீர்ந்தாலும் பாகு வராது.”

கோடு அச்சைத் தொடவே தொடாது என்பதைப் புத்தகம் ஒரு பக்கத்துக்குச் சொல்லும். இவன் விறகை வைத்துச் சொல்லிவிட்டான். புத்தகக் கணக்கும் இரண்டு கொடுத்தேன், போட்டான். நவம்பர் 1-ஐ அழித்துவிட்டு 4 போட்டேன். சராசரி பார்த்திருந்தால் அவனுக்கு இரண்டரை வந்திருக்கும். அவனுக்கு அன்று தெரிந்திருந்ததற்கும் அந்த இரண்டரைக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள் பாட்டி?

சின்னப் பள்ளியில் இதற்கு நேரம் கிடைக்கிறது, பிள்ளையை நாலு வருடம் தெரிந்தும் இருக்கிறது. அதே சின்னப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரே வகுப்புதான். இந்தப் பருவத்தில் பிடிபடவில்லை என்றால் அடுத்த பருவத்தில் சேர்த்துவிட இன்னொரு வகுப்பு கிடையாது. பள்ளி பட்ஜெட்டை ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற மாநிலம் இது. இன்னொரு கணக்கு டீச்சர் வேண்டும் என்று கேட்டால் வரி ஏறும்.

கேள்வி: மெயின் (Maine) மாநிலத்தில் இதே முறையைக் கொண்டுவந்து கைவிட்டுவிட்டார்களாமே?
*வாசகர், நாஷுவா*

ஆமாம். 2012-இல் சட்டம் போட்டார்கள், 2018-இல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் விருப்பம். மாவட்டத்துக்கு மாவட்டம் “தேர்ச்சி” என்பதற்கு வேறு வேறு அர்த்தம், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்குப் பட்டம் கிடைக்குமா என்ற பயம், 1-4 அட்டை புரியாத பெற்றோரின் கோபம், எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்காமல் அட்டையை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும். எங்கள் பக்கத்திலும் அந்த ஆபத்து தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: கல்லூரிக்காரர்களுக்கு இந்த 3 புரியுமா?
*ஓர் அம்மா, வில்லிஸ்டன்*

புரியும். மார்க் பட்டியலோடு பள்ளியைப் பற்றிய விளக்கத்தாள் ஒன்றும் போகும். நிறையப் பள்ளிகள் ஜிபிஏவாக (எல்லாப் பாடத்துக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி) மாற்றியும் தருகின்றன. மாற்றும் கணக்கு பள்ளிக்குப் பள்ளி வேறு, அதைப் பள்ளியில் மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட, 11, 12-ஆம் வகுப்பில் இரண்டு கல்லூரிப் பாடங்களை இலவசமாகப் படிக்க 77-ஆம் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஏபி பாடம் (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரி அளவுப் பாடம்) நாலைந்துகூட இல்லாத எங்களைப் போன்ற பள்ளிக்கு அது பெரிய விஷயம். அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மிஸ், நான் ஒன்பதாவது படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். இதைப் பள்ளியில் கணக்கில் எடுப்பார்களா? அம்மா தட்டச்சு செய்து தந்தார், கேள்வி என்னுடையது.
*மாணவி*

எடுக்க வாய்ப்பு இருக்கிறது கண்ணா. ஏழாவதிலிருந்து உனக்கென்று ஒரு தனிக் கற்றல் திட்டம் போட்டிருப்பார்கள், அதில் இதை எழுதச் சொல். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சொல்லாதே. இந்த வாரமே உன் அட்வைசரைப் பார்த்து, எந்தத் திறனுக்கு இது ஆதாரம், என்னென்ன காட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள். தெளிவாகப் பேசுவது என்ற திறனுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். “வாலன்டியர் செய்தேன்” என்று ஒரு கடிதம் மட்டும் கொடுத்தால் 2-தான் வரும். பாடத் திட்டம், எது சரியாக வரவில்லை, அடுத்த வாரம் அதை எப்படி மாற்றினாய் என்பதெல்லாம் வேண்டும்.

ஒரு சின்ன வீடியோவும் எடு. உன் வகுப்பில் ஏதாவது ஒரு வாண்டுக்கு “ழ” வராமல் இருக்கும், அதை வரவைக்கிற ஐந்து நிமிஷம் போதும். எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்பு. என் வீட்டுக்காரருக்கு இன்னும் “வாளைப்பளம்”தான்.