வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம்: கேட்டவையும் சொன்னவையும்

விளாங்குடியில் தன் வீட்டின் தரைத்தளத்தில் பகல்நேரக் காப்பகம் நடத்திவரும் அக்காவிடம் மதுரை வட்டாரப் பெண்கள் கேட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும்.

திருநகரிலிருந்து: என் வீட்டு முன்னறை பெரியது அக்கா. எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம்?

அறையை அளப்பதற்கு முன் ஆளை எண்ணுங்கள். அலுவலகக் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம், மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பேருக்கு ஒரு பணியாளர், கூடவே ஓர் உதவியாளர் என்பது அதன் கணக்கு. வீட்டுக்கும் அதையே உச்சவரம்பாகக் கொள்ளுங்கள். தனியாளாக இருந்தால் நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி; அதிலும் தவழும் வயது இரண்டுக்கு மேல் கூடாது. ஒன்றுக்குக் கால் கழுவிவிடும் நேரத்தில் மற்றவற்றை யார் பார்ப்பது? உங்கள் சொந்தப் பிள்ளையும் அந்த நான்கில் அடக்கம். இதைச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள்.

ஒத்தக்கடையிலிருந்து: அனுமதி வாங்க வேண்டுமா?

முதலில், பலகையில் ‘பிளே ஸ்கூல்’ என்று எழுதிவிடாதீர்கள். மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் 2015-இல் தனி விதிகள் வந்துவிட்டன. அந்தப் பெயர் போட்டால் அங்கீகாரமும் கேட்பார்கள். பகல்நேரப் பராமரிப்பு மட்டும்தான் என்றாலும், பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிச் செலவு செய்யாதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் ரசீதாவது கையில் இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து: கீழே இடம் போதவில்லை. மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடலாமா?

கூடவே கூடாது. 2004-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோனது கீற்றுக் கூரையின் கீழ்தான். கீழே உள்ள இடத்துக்குத் தக்கபடி பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழேயும் வேலை இருக்கிறது. நம் ஊர் வீடுகளில் வாசலிலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மூடியைப் பிள்ளை தூக்க முடியாதபடி பூட்டுங்கள். குளியலறை வாளியைக் கவிழ்த்தே வையுங்கள். நாலு விரற்கடைத் தண்ணீரில்கூடக் கைக்குழந்தை மூழ்கிவிடும். பினாயிலைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் உள்ள பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத பொருளை அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

சேலைத் தொட்டிலைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டும் வீட்டுக்கு அது சரி. நாலு பிள்ளைகள் ஓடும் இடத்தில், ஒன்று அதில் ஏறிச் சுற்றினால் சேலை கழுத்தை முறுக்கிவிடும். கைக்குழந்தைகளைத் தரையில் கெட்டியான விரிப்பில் மல்லாத்தித் தூங்க வையுங்கள்.

சிம்மக்கல்லிலிருந்து: தாய்ப்பாலை எடுத்துவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு நேரம் தாங்கும்?

25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்பார்கள். சித்திரை மாதத்து மதுரையில் அந்தக் கணக்கு செல்லாது. வாங்கியவுடன் பெயர், நேரம் எழுதிக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். சூடாக்க, வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தோடு வைத்தால் போதும், அடுப்பில் ஏற்றாதீர்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். கடலை மிட்டாய், முறுக்கு, முழுத் திராட்சை எதுவும் சின்னப் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

மேலூரிலிருந்து: காய்ச்சலோடு கொண்டுவந்து விடுகிறார்கள். மருந்து கொடுக்கலாமா?

காய்ச்சல் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மற்ற மருந்துகளை, மருத்துவர் சீட்டும் பெற்றோர் எழுதித் தந்த அளவும் இருந்தால் மட்டும் கொடுக்கலாம். சேர்க்கும் அன்றே தடுப்பூசி அட்டையின் நகலை வாங்கிவிடுங்கள்.

இன்னொருவரிடமிருந்து: மாசி வீதி ஜவுளிக்கடை ஊழியர்கள் எங்கள் தெருவில் அதிகம். பிள்ளையை அழைத்துப்போக இரவு ஒன்பதுக்குத்தான் வருகிறார்கள். சொந்தக்காரர்கள் வேறு கட்டணமே தருவதில்லை.

ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கு உரிய கட்டணம் வாங்குங்கள், மாலையிலிருந்து இன்னோர் ஆளையும் போடுங்கள். காலை எட்டிலிருந்து ஒரே ஆள் விழித்திருந்தால் கடைசி இரண்டு மணி நேரத்தில் கண் தப்பும். தீபாவளி நெருங்கினால் கடை நேரம் நீளும். அதற்கான தொகையை ஆடியிலேயே பேசிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் விடுமுறை என்பதையும் சேர்க்கும்போதே சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்குச் சலுகை வேண்டுமானால் கொடுங்கள். ஆனால் முன்பணம் வாங்காமல் பிள்ளையை வாங்காதீர்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: பிள்ளையை அழைத்துப்போக அவ்வப்போது சித்தப்பா, மாமா என்று யாராவது வருகிறார்கள். அனுப்பலாமா?

அழைத்துப்போகக் கூடியவர்கள் யார் யார் என்று படத்தோடு பட்டியல் வாங்கிவையுங்கள். அதில் இல்லாதவர் வந்தால் அம்மாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். வந்தவர் போட்டுத் தரும் போனில் பேசாதீர்கள். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்துத் தாவுகிறதே என்று கதவைத் திறந்துவிட வேண்டாம்.