பாலாற்றங்கரையில் கடைசி மனிதன்

ஊர் முழுக்க ரத்தக் காட்டேரியாகிவிட்டது, ஒரே ஒருவர் மட்டும் மிச்சம். காரணம் பேயோ சாபமோ அல்ல, கிருமி. இந்த வகைத் திகில் கதையை வேலூர் வட்டாரத்தில் நடப்பதாக எழுதிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கே: பேய்க்கதைக்கு அறிவியல் எதற்கு? இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது?
– காட்பாடி வாசகர்

ப: பெயர் சொல்லியே ஆகவேண்டுமென்றால் ரிச்சர்ட் மேத்சன் 1954-ல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவல். தனியாக மிஞ்சியவன் பகலில் நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறான், நுண்ணோக்கியில் ரத்தத்தைப் பார்க்கிறான், ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கிறான். பூண்டு, வெயில், மார்பில் அடிக்கும் கட்டை எல்லாவற்றுக்கும் அந்தக் கிருமியை வைத்தே விளக்கம் வருகிறது. சிலுவைக்கு மட்டும் விளக்கம் மனத்தில்: உயிரோடிருந்தபோது எதை நம்பினானோ அதைக் கண்டுதான் பயப்படுவான். 1964, 1971, 2007 என மூன்று முறை அது படமாகிவிட்டது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கதையையல்ல, அதன் கணக்கை. பேய் என்றால் கதாநாயகனுக்கு ஓடுவதைத் தவிர வேலை இல்லை. கிருமி என்றதும் அவனுக்குத் தினமும் வேலை வந்துவிடுகிறது.

கே: அப்படியானால் வேலூர்க் காட்டேரி எதற்குப் பயப்படும்? திருநீறா, சிலுவையா?
– அதே வாசகர்

ப: அது அந்த ஆள் யார் என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கக் கந்துவட்டிக்காரருக்கு மட்டுமே பயந்தவர் என்றால், வாசலில் அந்த வண்டியின் ஹாரன் சத்தமே போதும். (காட்டேரி வட தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். கதையில் அந்தச் சொல்லை நோயாளிக்கு வைக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.)

கே: எங்கள் தெருவில் பிணத்தை எரிக்கிறார்கள். எரித்த பிணம் எப்படி எழும்?
– ஆரணி வாசகி

ப: எழாது. புதைகுழியிலிருந்து எழும் கதை ஐரோப்பாவில் அதற்கு முன்பே உண்டு, 18-ஆம் நூற்றாண்டில்தான் பிரபலமானது. செர்பியக் கிராமமொன்றில் குழிகளைத் தோண்டிப் பார்த்த ராணுவ மருத்துவர்களின் 1732 அறிக்கைதான் அதைப் பரப்பியது. அவர்கள் கண்டது அழுகல். குடலில் வாயு சேர்ந்து வயிறு உப்பும். அந்த அழுத்தத்தில் ரத்தம் கலந்த நீர் வாய்வழியே வரும், ‘குடித்திருக்கிறது’ என்பார்கள். தோல் சுருங்க நகம் வளர்ந்ததுபோல் தெரியும். கட்டையால் குத்தினால் வாயு தொண்டை வழியே வெளியேறும், ‘கத்தியது’ என்பார்கள். கிருமிக் கதைக்கு இதெல்லாம் வேண்டியதே இல்லை. உங்கள் நோயாளி சாகவே வேண்டாம். காய்ச்சலில் படுத்தார், மூன்றாம் நாள் மாலை எழுந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டுப் பிரச்சினை தீர்ந்தது.

கே: எந்த நோயை வைக்கலாம்? போர்ஃபிரியா என்று ஒன்று சொல்கிறார்களே? என் நாயகன் ஆய்வகத் தொழில்நுட்பர். தனியாக இருந்தே கிருமியைக் கண்டுபிடிப்பதாக எழுத ஆசை.
– குடியாத்தம் வாசகர்

ப: போர்ஃபிரியாவை விட்டுவிடுங்கள். காட்டேரிக் கதைகளுக்கு மூலம் அந்த நோயாளிகள்தான் என்று டேவிட் டால்ஃபின் என்ற வேதியியலர் 1985-ல் கிளப்பிய யோசனை அது. அந்த நோயாளிகளில் சிலருக்கு வெயில் பட்டால் தோல் புண்ணாவது உண்மை. அந்த நோயில் ஹீம் என்ற ரத்தத்தின் சிவப்புப் பொருளை உடல் சரியாக உண்டாக்காது. ஆனால் ரத்தத்தைக் குடித்தால் அதிலுள்ள ஹீம் குடலில் சிதைந்துபோகும், நோய்க்கு மருந்தாகாது. இல்லாத பழியை உண்மையான நோயாளிகள் மேல் போட்டதுதான் மிச்சம்.

வெறிநாய்க்கடி இதைவிடப் பொருத்தம். ஸ்பானிய நரம்பியல் மருத்துவர் கோமஸ் அலோன்சோ 1998-ல் அதைக் காட்டினார். தூக்கமின்மை, கடிக்க வருதல், வெளிச்சத்துக்கும் கடும் வாடைக்கும் தொண்டை இழுத்துக்கொள்ளுதல் எல்லாம் அதில் உண்டு. சிக்கல் இரண்டு. அறிகுறி வந்தவர் சில நாட்களில் இறந்துவிடுவார், உங்கள் காட்டேரிகளோ மாதக்கணக்கில் உலவ வேண்டும். இரண்டாவது, அது வைரஸ். கல்லூரி நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்குக்கு மேல் பெரிதாக்க முடியாது, ரேபிஸ் வைரஸின் நீளம் சுமார் 180 நானோமீட்டர். தனி ஆள் அதைக் கண்ணால் பார்ப்பதாக எழுதினால் முதல் மருத்துவ வாசகரே புத்தகத்தை மூடிவிடுவார். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மின்சாரமும் வெற்றிடப் பம்பும் பழகிய கையும் வேண்டும்.

ஆக, உங்கள் நாயகன் தனி ஆள் என்பதே கிருமியைத் தீர்மானித்துவிடுகிறது: பாக்டீரியாவாக இருக்க வேண்டும். வட ஆற்காட்டுக்கு இயல்பாகப் பொருந்துவது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் சாயல். ஆடுமாடுகளைத் தாக்கும், தோல் வழியாக மனிதருக்கும் வரும், கிருமி வித்துறையாக (ஸ்போர், கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். 1942-ல் அடைப்பான் குண்டு சோதித்த ஸ்காட்லாந்தின் குருநார்ட் தீவை 1990-ல்தான் பாதுகாப்பானதென்று அறிவித்தார்கள். தோல் மண்டிகள் நிறைந்த இந்தப் பகுதியில் உங்கள் கற்பனைக் கிருமி ஒரு பழைய மண்டியின் தரையிலிருந்து கிளம்பலாம்.

இனி ஆய்வகம். பாக்டீரியாவை நிறத்தால் வகை பிரிக்கும் கிராம் சாயம் போடும் முறை: கண்ணாடிச் சில்லில் ரத்தத்தை மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, சுடரில் இரண்டு மூன்று முறை காட்டி ஒட்டவைக்க வேண்டும். கிரிஸ்டல் வயலெட் 1 நிமிடம், கழுவி அயோடின் 1 நிமிடம், பிறகு ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரனின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். தப்பு நடப்பது ஆல்கஹாலில்தான். பத்து, பதினைந்து விநாடியில் நிறுத்தாமல் விட்டால் ஊதாவாகத் தெரிய வேண்டிய கிருமி இளஞ்சிவப்பாகிவிடும், நாயகன் பல வாரம் தவறான கிருமியைத் துரத்துவான். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. வித்துறை இந்தச் சாயத்தை ஏற்காது, குச்சிக்குள் வெள்ளை ஓட்டைபோலத் தெரியும். அதைப் பார்த்து நாயகன் புருவம் சுருக்கட்டும்.

காற்றில்லாமல் வளரும் கிருமி என்றால், அதை வளர்க்க ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி மூடுவதாகப் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. மெழுகுவர்த்தி அணைந்த பிறகும் உள்ளே ஆக்சிஜன் நிறையவே இருக்கும். வேகவைத்த இறைச்சி ஊடகம்தான் வழி. கொழுப்பு நீக்கிய இறைச்சித் துணுக்கைக் குழாயில் பாதிக்குமேல் போட்டு, சாறு ஊற்றி, மேலே உருக்கிய பாரஃபின் ஓர் அங்குலம். பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்தபின் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். வெறும் கொதிநீரில் வித்துறை சாகாது. இந்த ஒரு வரியை மறந்தால் நாயகன் தன் கத்தியாலேயே நோயை வாங்கிக்கொள்வான், வேண்டுமென்றே மறக்கவும் செய்யலாம்.

கே: நோய் பரவி வேலூர் காலியாக எத்தனை நாளாகும்?
– சத்துவாச்சாரி வாசகர்

ப: ஒரு காட்டேரி இரவுக்கு ஒருவரைக் கடித்து, அவரும் மறுநாள் காட்டேரியானால் எண்ணிக்கை தினமும் இரட்டிக்கும். 19 இரவில் 5,24,288. ஐந்து லட்சம் பேர் உள்ள ஊர் மூன்று வாரம் தாங்காது. எஃப்திமியு, காந்தி என்ற இரு இயற்பியலர்கள் இதே கணக்கை உலகுக்கே போட்டார்கள். 1600-ல் இருந்த சுமார் 53 கோடி மக்கள், மாதம் ஒரு கடி என்றாலும் இரண்டரை ஆண்டில் தீர்ந்துவிடுவார்கள்.

அதைவிட ருசியானது சாப்பாட்டுக் கணக்கு. ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 190 கிராம் புரதம், கொழுப்பு மிகக் குறைவு. 750 கலோரிக்குச் சற்று மேல் தேறும். 2,000 கலோரிக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும், அதாவது ஒரு மனிதனின் உடலில் உள்ளதில் பாதி. ரத்தம் குடித்தே வாழும் தென்னமெரிக்க வௌவாலுக்கும் இதே தொல்லைதான். அது ஒரு வேளைக்குச் சுமார் 20 மில்லி குடிக்கும், குடித்த சில நிமிடங்களிலேயே சிறுநீர் கழித்து எடையைக் குறைத்தால்தான் பறக்க முடியும். இரண்டு மூன்று இரவு கிடைக்காவிட்டால் செத்துவிடும். (நம் பாழ்மண்டபங்களில் தொங்குவது அந்த இனமல்ல. நம் ஊர் ‘பொய் ரத்தவௌவால்’ பூச்சி, தவளை தின்னும். அதை மனிதன் மேல் ஏவாதீர்கள்.)

ஆகவே ஊர் காலியான ஒரே வாரத்தில் உங்கள் காட்டேரிகள் பட்டினியில் விழவேண்டும். தப்பிக்க வழி இரண்டு. ஆடுமாடு: 25 கிலோ ஆட்டில் ஒன்றேமுக்கால் லிட்டர்தான் வரும், ஆம்பூர் பிரியாணிக்கு வரும் ஆடெல்லாம் சேர்ந்தாலும் எத்தனை நாள்? அல்லது பகல் தூக்கத்தில் உடல் வெப்பம் இறங்கி, செலவு குறைவதாக வையுங்கள். பகலில் தொட்டால் சில்லென்றிருப்பதற்கும் அதுவே காரணமாகிவிடும்.

இன்னொன்று. லிட்டருக்கு அரை கிராம் இரும்பு உண்டு. உடலுக்கு மிச்ச இரும்பை வெளியேற்ற வழி கிடையாது. இரும்பு மிஞ்சினவர்களின் தோல் கருத்து வெண்கல நிறமாகும். எல்லோரும் காட்டேரியை வெளிறிய முகத்தோடு எழுதுகிறார்கள். நீங்கள் மாற்றி எழுதிப் பாருங்கள்.

கே: பூண்டு மாலை கட்டினால் போதுமா?
– ராணிப்பேட்டை வாசகி

ப: போதாது. வாடைக்குக் காரணமான அல்லிசின் முழுப்பூண்டில் இல்லை. பல்லை நசுக்கும்போது அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து உண்டாகிறது. நசுக்கிப் பத்து நிமிடம் விடவேண்டும். முழுப் பல்லாகப் புளிக்குழம்பில் போட்டால் சூட்டில் நொதி செத்துவிடும், காட்டேரி தாராளமாக வந்து சாப்பிட்டுப் போகும். நசுக்கியதும் சில மணி நேரத்தில் வீரியம் குறையத் தொடங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். தினமும் மாலை ஐந்து மணிக்கு அம்மிக்கு முன்னால் உட்கார வேண்டும். பெரிய சிக்கல் கையிருப்பு. பூண்டுக்குக் குளிர் வேண்டும், வேலூர்ச் சமவெளியில் நட்டால் இலை வரும், கிழங்கு திரளாது. மண்டியிலிருந்து எடுத்த மூட்டை சில மாதத்தில் முளைவிடும் அல்லது சருகாகும். பூண்டு தீரும் நாள்தான் உங்கள் கதையின் இடைவேளை.

கே: யூ.வி. டார்ச் அடித்தால் காட்டேரி எரியுமா?
– ஆற்காடு வாசகர்

ப: கள்ளநோட்டு பார்க்கும் டார்ச் 365 முதல் 395 நானோமீட்டர் வரை. அது நோட்டை மினுக்கும், தோலை ஒன்றும் செய்யாது. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் ஒளி வேண்டுமென்றால், வீட்டில் மாட்டியிருக்கும் குடிநீர் வடிகட்டியின் யூ.வி. குழலைக் கழற்றலாம். சில அடி தூரத்துக்கு மேல் பலன் சொற்பம். நாயகன் கண்ணாடி போடாமல் பார்த்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும், அதுவும் நள்ளிரவில்.

ஜன்னல் கண்ணாடி, வெயிலில் தோலைச் சுடும் யூ.வி.-பி ஒளியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். மூடிய காருக்குள் காட்டேரி பகலில் உட்கார்ந்திருக்கலாம், கண்ணாடியை இறக்கும்வரை. சூரியன் மறையும் நேரத்தையும் சரியாக வையுங்கள்: வேலூரில் ஜூன் கடைசியில் சுமார் 6.40, டிசம்பர் நடுவில் சுமார் 5.50. அதன்பின் இருபது நிமிடச் சொச்சம்தான் அந்தி வெளிச்சம்.

கே: கோட்டைக்குள் தங்க வைக்கலாமா? அகழி இருக்கிறதே.
– வேலூர் வாசகர்கள் பலர்

ப: ‘அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று ஊரையே கேலி செய்வார்கள். உங்கள் நாயகன் அரசனாகலாம், ஆனால் 133 ஏக்கரை ஒற்றை ஆள் காக்க முடியாது. ஓடும் தண்ணீரைக் காட்டேரி தாண்டாது என்பது ஐரோப்பிய நம்பிக்கை. அகழித் தண்ணீர் ஓடாது, பாலாற்றில் பெரும்பாலும் தண்ணீரே ஓடாது. 2021 நவம்பர் வெள்ளம்போல ஒன்றை வைத்தால் அந்தச் சில நாட்கள் மட்டும் காட்பாடிப் பக்கம் பாதுகாப்பு.

மாடியில் ஒற்றைப் படிக்கட்டு உள்ள கடை வீடு மேல். ஷட்டரை நம்பும்போது கவனம்: கடை ஷட்டருக்குப் பூட்டு வெளியே இருக்கும். உள்ளிருந்து பூட்ட, பக்கவாட்டுச் சட்டத்தில் துளைபோட்டு இருபுறமும் தாழ்க்கம்பி வைக்க வேண்டும். நடுவில் இடித்தால் தகடு வளைந்து அந்தச் சட்டத்திலிருந்து நழுவும். உட்புறம் குறுக்கே ஆங்கிள் இரும்பு ஒன்று கொடுத்தால் தாங்கும்.

கே: மின்சாரம், தண்ணீர், சோறு?
– திருவலம் வாசகர்

ப: ஜெனரேட்டர் வேண்டாம், சத்தம் ஊரையே அழைக்கும். பெட்ரோலும் சில மாதத்தில் கெடும், எத்தனால் கலந்தது இன்னும் சீக்கிரம். 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தால் ஒரு மின்விசிறியும் இரண்டு 9 வாட் பல்பும் ஒன்பது மணி நேரம் ஓடும். 330 வாட் சோலார் தகடு ஒன்றே அதை நிரப்பிவிடும், தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே எம்.பி.பி.டி. வகைச் சார்ஜ் கட்டுப்படுத்தி இருந்தால். சாதாரண பி.டபிள்யூ.எம். மாட்டினால் 12 வோல்ட் பேட்டரிக்குப் பாதிகூட ஏறாது. கோடையில் மாதம் ஒருமுறை வடிநீர் அளவு பார்க்காவிட்டால் பேட்டரி காய்ந்து போகும்.

ஆயிரம் லிட்டர் தொட்டி, நாளுக்கு இருபது என்றால் ஐம்பது நாள். பிறகு கிணறு, அல்லது ஆற்று மணலில் ஊற்று தோண்டலாம், பாலாறு அடியில்தான் ஓடுகிறது. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்த மூட்டை வீரியம் இழந்துகொண்டே வரும். அரிசி நாளுக்கு 400 கிராம் வைத்தால் வருடத்துக்கு 25 கிலோ சிப்பம் ஆறு. உங்களுக்கு ஆரணி பக்கம்தானே, எடுத்து வரச் சொல்லுங்கள்.

கே: தோல் ஊர்க்காரன் நான். கழுத்துக்குத் தோல் கவசம் எழுதலாமா?
– பேரணாம்பட்டு வாசகர்

ப: தாராளமாக, ஆனால் செருப்பு மேல்தோல் வேண்டாம். குரோம் பதனிட்ட தோல் மெத்தென்று மடங்கும், வடிவம் நிற்காது. பட்டையில் பதனிட்ட எருமைத் தோல், 4 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் உயரம், கழுத்துச் சுற்றளவோடு 5 சென்டிமீட்டர் கூடுதல். வெதுவெதுப்பான நீரில் குமிழி நிற்கும்வரை ஊறவைத்து, ஒரு குடத்தின் கழுத்தில் சுற்றிக் கட்டி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், கொதிநீரில் போட்டால் சுருங்கிப் பொடியும். பக்கிள் இரண்டு, பின்பக்கம். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் மெல்லியதாக. வேலூர் வெயிலில் அடியில் வேர்க்குரு கிளம்பி நாயகன் ஒரு நாள் கழற்றி வைப்பான், அன்றைக்குத்தான் அவர்கள் வருவார்கள். மணிக்கட்டுக்கும் ஒன்று செய்யச் சொல்லுங்கள், கழுத்து கிடைக்காவிட்டால் அங்கேதான் வாய் வைப்பார்கள்.

கே: துணைக்கு நாய் வைக்கலாமா?
– ஆம்பூர் வாசகி

ப: வைக்கலாம். ஆனால் ஊசி போடாத தெருநாய், தடுப்பூசியோ 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, ஃபிரிட்ஜ் நின்று மாதமாகியிருக்கும். கடித்தால் அவனிடம் மிச்சமிருப்பது ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது மட்டுமே. அதற்கு ஒரு குடம் போதாது. தொட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று முந்தின அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள்.