இரவு மின்னலைப் படம் பிடிப்பது: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: மின்னல் வெட்டியதும் பொத்தானை அழுத்துகிறேன். வெறும் இருட்டுதான் பதிவாகிறது. இன்னும் வேகமாக அழுத்த வேண்டுமா?

பதில்: எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் போதாது. கண் பார்த்து விரல் அசைவதற்குள் கால் நொடி ஓடிவிடும். கேமராவும் தன் பங்குக்குச் சற்றுத் தாமதிக்கும். மின்னலின் ஆயுளோ பெரும்பாலும் அரை நொடிக்கும் குறைவு. அதனால் அதைத் துரத்தாதீர்கள், வழியில் காத்திருங்கள். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஷட்டரை 15 அல்லது 20 நொடி திறந்து வையுங்கள். மூடியதும் உடனே அடுத்தது. தொடர் படப்பிடிப்பு முறையில் வைத்து, ரிமோட்டின் பொத்தானை அழுத்திய நிலையிலேயே பூட்டிவிட்டால் கேமரா தானே எடுத்துக்கொண்டிருக்கும். நூறு படங்களில் தொண்ணூறு வெற்று வானமாக இருந்தால் கவலைப்படாதீர்கள், அழித்துவிடலாம்.

கேள்வி: ஐயா, மின்னல் கோடு வெளிறிப்போய் வெள்ளைக் கயிறு மாதிரி விழுகிறது. ஷட்டர் நேரத்தை 30 நொடியிலிருந்து 10 ஆகக் குறைத்தும் பலன் இல்லை.

பதில்: பலன் இருக்காது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மின்னலின் கண்ணைப் பறிக்கும் வீச்சு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் வந்து போய்விடுகிறது. ஷட்டர் 10 நொடி திறந்திருந்தாலும் 30 நொடி திறந்திருந்தாலும் அந்தக் கோடு தரும் ஒளி ஒரே அளவுதான். நேரத்தைக் கூட்டினால் கூடுவது தெருவிளக்கும் நிலவும் மேகத்தில் படியும் ஊர் வெளிச்சமும்தான். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கோட்டின் பிரகாசம் லென்ஸின் துளையான அப்பர்ச்சர் கையிலும், ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ கையிலும் இருக்கிறது.

ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று தொடங்குங்கள் (எஃப் என்பது அப்பர்ச்சரின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்). மின்னல் நெருங்கி வந்தால் எஃப் 11 அல்லது அதற்கும் மேல். வெகு தொலைவில் வெட்டினாலோ இடையில் மழைத் திரை இருந்தாலோ எஃப் 4 அல்லது 5.6-க்கு இறங்கி, ஐஎஸ்ஓவை 200, 400 என்று ஏற்றலாம். வெளிச்சம் சரியா என்று பார்க்க நடுத் தண்டைப் பார்க்காதீர்கள். அது எப்படியும் வெளுத்துத்தான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி, கிளைகளின் நுனியைப் பாருங்கள். நூலிழை போன்ற சிறு கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. அவை மங்கி மறைந்திருந்தால் அப்பர்ச்சரைத் திறக்க வேண்டும். கிளைகளும் தண்டளவு தடித்திருந்தால் குறுக்க வேண்டும். இதை முடித்த பிறகுதான் வானம் எவ்வளவு வெளிச்சமாக வேண்டும் என்று பார்த்து ஷட்டர் நேரத்துக்கு வர வேண்டும். வரிசையை மாற்றினால் இரவெல்லாம் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில்தான் வைக்கிறேன். ஆனாலும் படம் மங்கலாக இருக்கிறது.

பதில்: பல லென்ஸ்களில் வளையம் அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும். குறியை நம்பாதீர்கள். திரையில் தொலைதூர விளக்கு ஒன்றைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை திருப்புங்கள். பிறகு ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். டிரைபாடில் இருக்கும்போது அதிர்வுத் தடுப்பையும் அணைத்துவிடுவது நல்லது.

கேள்வி: ஒவ்வொரு 20 நொடிப் படத்துக்குப் பிறகும் கேமரா இன்னொரு 20 நொடி முடங்கிக் கிடக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. நீண்ட நேரப் படங்களுக்கான இரைச்சல் குறைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது. அது ஷட்டரை மூடிய நிலையில் அதே கால அளவுக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்துக் கழித்துப் பார்க்கிறது. உங்கள் நேரத்தில் பாதி அதற்கே போகிறது, அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மின்னலை உணர்ந்து ஷட்டரைத் தட்டும் கருவி வாங்கலாமா?

பதில்: பகலில் எடுப்பவருக்கு உதவும். இரவில் தேவையே இல்லை.

கேள்வி: வணக்கம். என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. காணொளி எடுத்து அதிலிருந்து ஒரு சட்டகத்தைப் பிரித்தேன். மேல் பாதியில் பளீரென்று வெளிச்சம், கீழ்ப் பாதி கன்னங்கரேல்.

பதில்: கைபேசியின் சென்சார் காட்சியை மொத்தமாகப் படிப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. பாதி வரிகளைப் படித்து முடித்த நேரத்தில் மின்னல் வந்து போனால் இப்படித்தான் வெட்டுப்பட்டு விழும். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ முறையில் 10 நொடி அளவுக்கு ஷட்டரைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, ஐஎஸ்ஓவைக் கீழே வைத்து எடுங்கள். காணொளியிலிருந்து பிரித்ததை விட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஒரே மின்னல் நான்கு இணைகோடுகளாக, ரிப்பன் போலப் பதிவாகியிருக்கிறது. டிரைபாட் ஆடிவிட்டதோ?

பதில்: அதே படத்தில் உள்ள தெருவிளக்குகளைப் பாருங்கள். அவை புள்ளிகளாகவே இருந்தால் கேமரா ஆடவில்லை, ஆடியது காற்று! நாம் ஒன்றாகக் காணும் மின்னலில் பெரும்பாலும் மூன்று நான்கு வீச்சுகள், நொடியின் இருபதில் ஒரு பங்கு போன்ற இடைவெளிகளில், ஒரே தடத்தில் பாய்கின்றன. மின்னல் படபடவென்று துடிப்பதாகக் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். அந்த இடைவெளியில் பலத்த காற்று தடத்தையே நகர்த்திவிட்டால் வீச்சுகள் பக்கம் பக்கமாக விழும். 1900-ல் சார்லஸ் பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் நகரும் லென்ஸ் கொண்ட கேமராவை உருவாக்கினார். 1930-களில் தென் ஆப்பிரிக்காவில் ஷோன்லாண்ட் என்ற இயற்பியலாளரும் குழுவினரும் அவ்வகைக் கேமராவைக் கொண்டுதான் ஒரு மின்னலுக்குள் நடப்பவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். உங்களுக்கு அந்த வேலையைக் காற்று இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது. தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: வானம் ஊதாவாகிவிடுகிறது. பல படங்களை ஒன்றாக அடுக்குவது ஏமாற்று வேலையா?

பதில்: ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுங்கள், நிறத்தைப் பிறகு மென்பொருளில் வெள்ளைச் சமநிலையை 4000 கெல்வின் அளவில் வைத்துச் சரிசெய்யலாம். அடுக்குவது தவறில்லை. அடுக்கியதை மறைத்து, ஒரே நொடியில் பத்து மின்னல் இறங்கியதாகச் சொல்லிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காது.

கேள்வி: திறந்த மாடியில் நின்று எடுக்கலாமா அண்ணா? ரப்பர் செருப்புதான் போட்டிருப்பேன்.

பதில்: கூடாது தம்பி. பல கிலோமீட்டர் காற்றைத் துளைத்துக்கொண்டு வருவதற்கு விரல்கனம் ரப்பர் ஒரு பொருட்டா? கார்பன் ஃபைபர் டிரைபாடும் காப்பாற்றாது, அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். வெளிச்சத்துக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள்: மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கி.மீ. முப்பதுக்குள் இடி கேட்டால் உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். கேமரா மட்டும் வெளியே நிற்கட்டும், அதற்கு உறை போதும். அறைக்குள்ளிருந்து எடுப்பதானால் விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துணி போர்த்துங்கள். உலோகக் கூரையுள்ள காரும் நல்ல இடம்தான், கண்ணாடிகள் ஏற்றியிருக்க வேண்டும். அங்கே காப்பது டயரல்ல, உலோகக் கூடு.

கேள்வி: மழை ஓய்ந்த பிறகு மேகத்துக்குள் மட்டும் மின்னுகிறது. மூட்டை கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கடந்துபோகும் புயலின் பின்பகுதியில், மேகத்தின் அடிவயிற்றை ஒட்டிக் கிடைமட்டமாக ஊர்ந்து பரவும் மின்னல்கள் வருவதுண்டு. சில சமயம் தலைக்கு மேலேயே வானம் முழுக்கக் கிளைவிடும். இருப்பதிலேயே அகலமான லென்ஸைப் போட்டு, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200-ல் தொடங்குங்கள். மேகம் மொத்தமும் ஒளிர்வதால் ஷட்டர் நேரத்தைக் குறைத்து 8 நொடி வையுங்கள், இல்லையென்றால் வானம் வெளுத்துவிடும். அப்போதும் நீங்கள் உள்ளேதான் இருக்க வேண்டும்.