டிரையர் துணியை உலர்த்தவில்லை: குறை இயந்திரத்திலா, பொருத்திய விதத்திலா?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறோம். படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியாரின் விரிப்புகளைத் தினமும் துவைக்க வேண்டியிருப்பதால், பதினொரு மாதங்களுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு கடையில் 41,000 ரூபாய் கொடுத்து, குழாய் வழியாக ஈரக் காற்றை வெளியேற்றும் வகை டிரையர் ஒன்றை வாங்கினோம். இரண்டு ஆண்டு வாரண்டி உண்டு. இரண்டு முறை ஓட்டினாலும் விரிப்புகள் ஈரமாகவே வருகின்றன. நிறுவனத்தின் ஆள் மூன்று முறை வந்தார். முதல் முறை ஃபில்டரைத் துடைத்தார். இரண்டாம் முறை மலைக் குளிர்தான் காரணம் என்றார். மூன்றாம் முறை, குழாய் நீளமாக இருக்கிறது, அது வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார். அந்தக் குழாயைப் பொருத்தியதே அவர்கள்தான். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: மதிப்பிற்குரிய சகோதரி, வழி உண்டு. ஆனால் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நீங்கள் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. "இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, பயன்படுத்தும் விதம்தான் சரியில்லை" என்பதே இவ்வகை வழக்குகளில் எதிர்தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில். வெறுமனே "துணி காயவில்லை" என்ற வாக்குமூலம் அதற்கு முன் நிற்காது. அவர்கள் சொல்லக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, முடிவைத் தேதியோடு எழுதி வைத்தால், அந்தக் குறிப்பே உங்கள் வழக்கின் முதுகெலும்பாக இருக்கும்.

முதலில் எடையைப் பாருங்கள். மூன்று பருத்தி விரிப்புகளை உலர்ந்த நிலையில் ஒரு முறையும், வாஷிங் மெஷினில் பிழிந்து எடுத்த பின் ஒரு முறையும், டிரையரில் ஒரு முழுச் சுற்று ஓட்டிய பின் ஒரு முறையும் எடை போடுங்கள். 3 கிலோ விரிப்பு பிழிந்தபின் 5 கிலோவாக இருந்து, டிரையரிலிருந்து வரும்போதும் 4 கிலோவுக்கு மேல் இருந்தால், பாதித் தண்ணீர்கூட வெளியேறவில்லை என்பதை எவரும் மறுக்க முடியாது. பிழிந்த துணியிலிருந்தே தண்ணீர் சொட்டினால் குறை வாஷிங் மெஷினின் சுழற்சி வேகத்தில் இருக்கலாம். பெரிய விரிப்புகள் உள்ளே உருண்டையாகச் சுருண்டு நடுவில் ஈரம் தங்குவதும் உண்டு. ஆகவே துண்டுகளை மட்டும் போட்டு இன்னொரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து குழாய். மின் இணைப்பைத் துண்டித்த பின் இயந்திரத்தின் பின்புறமிருந்து நீண்ட குழாயைக் கழற்றி, அதனுள் நூல் தூசு அடைந்திருக்கிறதா, சுவரோரம் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று படம் எடுங்கள். அடைந்த தூசு தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது என்பதால், வழக்கு இல்லாவிட்டாலும் இதை அவசியம் பார்க்க வேண்டும். பிறகு, குட்டையான நேர்க் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் முனையைத் திறந்த ஜன்னலுக்கு வெளியே விட்டு, அதே எடையுள்ள துணியோடு ஓட்டிப் பாருங்கள். குழாயின் அதிகபட்ச நீளம் எவ்வளவு, எத்தனை வளைவு இருக்கலாம் என்பது கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தையும் நகல் எடுங்கள்.

மூன்றாவது மின்னழுத்தம். வெப்பக் கம்பி தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடிக் குறையும். 230 வோல்ட்டில் கிடைக்கும் வெப்பத்தில், 190 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும். டிரையர் ஓடும்போதே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்து, அவரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறை மின்சாரத்தில் என்றால் நிறுவனத்தின் மீது வழக்கு நிற்காது. மின்வாரியத்திடம்தான் புகார் கொடுக்க வேண்டும். எந்த நிலையிலும் இயந்திரத்தின் உறையை நீங்களோ வெளியாளோ திறக்க வேண்டாம். திறந்த மறுநாளே வாரண்டி போய்விட்டது என்பார்கள்.

இனி சட்டம். குட்டைக் குழாயிலும் சரியான மின்னழுத்தத்திலும் துணி உலரவில்லை என்றால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10) கூறும் பொருளின் குறைபாடு. மாறாக, குட்டைக் குழாயில் நன்றாக உலர்ந்து, நீளக் குழாயில் மட்டும் உலரவில்லை என்றால், நிறுவனத்தின் ஆள் சொன்னது உண்மைதான். ஆனால் கையேட்டுக்கு மாறாக அக்குழாயைப் பொருத்தியது அவர்களே என்பதால், அது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு ஆகிறது. அதாவது அவர்கள் தப்பிப்பதற்குச் சொன்ன காரணமே அவர்களைப் பொறுப்பாளி ஆக்குகிறது. பொருத்திய நாளில், செய்த வேலையை எழுதி அவர்கள் கொடுத்த ஜாப் ஷீட்டை எப்பாடுபட்டாவது தேடி எடுங்கள். ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: குழாய்தான் காரணம் என்றால் முழு விலையும் திரும்பக் கிடைப்பது கடினம், இலவசமாகச் சரிசெய்து தருவதும் இழப்பீடும்தான் நியாயமான கோரிக்கை. குறை இயந்திரத்தில் இருந்தால், பிரிவு 39-இன் கீழ் பழுதை நீக்கவோ, புதியது தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம்.

மலைக் குளிர் என்ற காரணம் பலவீனமானது. எந்த அறை வெப்பநிலையில் பயன்படுத்தலாம் என்பதைக் கையேட்டில் பாருங்கள். அந்த வரம்புக்குள் உங்கள் அறை இருந்தால் அந்த வாதம் அடிபட்டுவிடும்.

கட்டாயம் இல்லையென்றாலும், கடை, தயாரிப்பு நிறுவனம், சேவை மையம் மூவருக்கும் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் 15 நாள் அவகாசம் தந்து ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். அதனுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல சமயங்களில் அந்தக் கட்டத்திலேயே நிறுவனம் இறங்கி வந்துவிடும். வராவிட்டால் உதகையிலுள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையீடு செய்யலாம். "கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தாலும் தயங்க வேண்டாம். முறையீட்டாளர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையை பிரிவு 34 தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். எதிர்தரப்பு 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்குமேல் 15 நாள்கள்தான் நீட்டிக்கலாம்.

சோதனையின்றிக் குறையைக் கண்டறிய முடியாதபோது, பிரிவு 38-இன்படி ஆய்வுக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. டிரையரைத் தூக்கிச் செல்வது சிரமம் என்பதால், தகுதியுள்ள நிபுணர் ஒருவரை உங்கள் வீட்டுக்கே அனுப்பி அறிக்கை பெறுமாறு முறையீட்டுடனேயே ஒரு மனுவையும் சேர்த்துக் கொடுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களையும் வீடியோவையும் சான்றாகக் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 2023, பிரிவு 63(4)-இன்படியான மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழையும் இணையுங்கள்.

முறையீடு செய்வதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69 சொல்கிறது. அது எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதில் தகராறு வரலாம் என்பதால் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு இன்னும் பதின்மூன்று மாதங்கள் இருக்கின்றன. நான்காம் முறை நிறுவனத்தின் ஆள் வந்தால், அவர் சொல்லும் காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அதில் "வாடிக்கையாளர் திருப்தி" என்ற இடத்தில் மட்டும், துணி உலராத வரை, கையெழுத்துப் போட வேண்டாம்.