பழவேற்காட்டில் யார் பாடு? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பழவேற்காடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டச்சுக் கோட்டை, கல்லறைத் தோட்டம், பூநாரை எல்லாம் இருந்தன. மீன்பிடி பற்றி ஒரு வரிகூட இல்லையே? என் அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் ஊர். சின்ன வயதில் அங்கே போனால் "இன்னிக்கு யார் பாடு?" என்று கேட்டுக்கொள்வார்கள். இறால் ஏற்றுமதி வந்த பிறகுதான் அங்கே மீன்பிடி வியாபாரமானது, அதற்கு முன் வயிற்றுப்பாட்டுக்குப் பிடித்ததுதான் என்கிறார் என் நண்பர். அப்படியா?

ச., பொன்னேரி

அன்புள்ள ச.,

விட்டது என் பிழைதான். 1613-இல் கட்டிய கோட்டையிலிருந்து எழுத ஆரம்பித்தால், துணியும் கப்பலுமாகவே கதை போய்விடுகிறது.

உங்கள் நண்பர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் கேட்ட அந்தப் 'பாடு' என்பது வலை போடும் இடத்துக்கு ஆள்மாற்றி முறை வைப்பது. குழம்புக்கு நாலு மீன் பிடிக்க யாருக்கும் முறை வைக்க வேண்டியதில்லை. முறை இருந்தது என்றால், அந்த இடத்துக்கு மதிப்பு இருந்தது என்றுதான் பொருள்.

பழவேற்காடு ஏரி பெரியது, ஆனால் ஆழமில்லை. பல இடங்களில் ஆள் நிற்கலாம். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் (ஏரி கடலோடு சேரும் வாய்) வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் வலை போட்டவருக்குத்தான் நிறைய இறால். எல்லோரும் அங்கேயே போய் நின்றால் சண்டைதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் முறை வைத்துக்கொண்டன. கல்யாணமான ஆணுக்கு ஊரில் உரிமை. இன்று நல்ல இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு. இலங்கையில் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் 'பாடு' என்றுதான் பெயர்.

அப்புறம் எழுபது, எண்பதுகளில் இறால் விலை ஏறியது. வியாபாரிகள் முன்பணம் கொடுத்தார்கள், பிடித்ததை அவர்களுக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. விலை ஏறியதும் மற்ற ஊர்க்காரர்கள் "ஏரி எல்லோருக்கும் பொதுதானே?" என்று கேட்டார்கள். தகராறு வளர்ந்து வழக்கு வரை போனது. நண்பர் சொல்லும் காலம் இதுதான். வியாபாரம் அப்போது பெருத்தது, பிறக்கவில்லை.

பாடு முறை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. அது பட்டினவர் என்ற மீனவ சாதிக்குள் மட்டும் நியாயமாக இருந்த முறை. மற்ற சாதிக்காரர்களுக்கு அதில் முறையே கிடையாது. இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தில் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டும் வேலையாக இருப்பதால் பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அப்படிப் பிடித்ததும் சந்தைக்குத்தான் போகிறது. மீன்பிடி வரலாறு என்று எழுதும்போது வலை, படகோடு நிறுத்திக்கொள்கிறோம். இனி நான் அப்படி எழுதமாட்டேன்.

இப்போதைய கவலை முகத்துவாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறு பெருகி வந்தால் தண்ணீரே மணலைத் தள்ளிக் கடலுக்கு வழி திறக்கும். கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைபடும். அடைத்துவிட்டால் குஞ்சு உள்ளே வர வழியில்லை, ஏரித் தண்ணீரும் வற்றி உப்பேறிப் போகும். அப்போது யாருக்கு முறை வந்து என்ன? வெறும் வலையைத்தான் இழுக்க வேண்டும். வாயைத் திறந்து வைக்கச் செலவு செய்யுங்கள் என்று மீனவர்கள் கேட்பதைச் சலுகை கேட்பதாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வயலுக்கு வாய்க்கால் மாதிரி அது.

உங்களிடம் ஒரு உதவி. ஏரிக்குள் பாடு வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் என்ன பெயர் சொல்வார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். கரையில் எந்த மரத்தை, எந்தக் கோபுரத்தைப் பார்த்து இடம் கண்டுபிடிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்பினால் போதும்.