ஏடிஎச்டி உள்ள சிறு பிள்ளையின் பெற்றோர் ஒன்றுகூடிப் பேசுவதால் பயன் உண்டா?

ஐந்து வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த நிலை) இருக்கலாம் என்று வைத்தியர் கூறியதாகவும், திருகோணமலையில் இதே நிலையில் உள்ள மற்றப் பெற்றோருடன் கூடிப் பேசுவதால் பயன் உண்டா, அல்லது அது வீண் அலைச்சலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவன் முன்பள்ளியில் படித்த காலத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சிறு குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பயன் உண்டு. ஆனால் ஆறுதலுக்காக மட்டும் போவதானால் மூன்றாம் கூட்டத்துடன் அலுத்துவிடும். முதல் இரண்டு கூட்டங்களிலும் மாமி சொன்னதையும் முன்பள்ளி ஆசிரியை சொன்னதையும் சொல்லி அழுதோம். நானும் என் பங்குக்கு, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நின்ற மான்களைக் கண்டதும் மகன் என் கையை உதறிவிட்டு வாகனங்களுக்கு நடுவே ஓடியதையும், "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியாதா?" என்று உறவினர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டதையும் சொன்னேன். மனம் இலேசானது உண்மை. மறுநாள் காலையில் அதே சப்பாத்து, அதே சண்டை.

சிறுவர் உளநலத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் ஒருவர் வரத் தொடங்கிய பிறகுதான் குழுவின் போக்கு மாறியது. அவர் எங்கள் வீட்டுக் காலை நேரத்தை நடித்துக் காட்டச் சொன்னார். இன்னொரு தாய் என் மகனாக நடிக்க, நான் குசினியில் நிற்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு, "எழும்பு, முகத்தைக் கழுவு, சப்பாத்தைப் போடு, தண்ணிப் போத்தல் எங்கே, நேரம் போகுது" என்று ஒரே மூச்சில் அடுக்கினேன். மகனாக நடித்தவர் சிரித்துக்கொண்டே, "இதில் எதை முதலில் செய்யிறது?" என்று கேட்டார். அருகில் சென்று, பெயரைச் சொல்லி அழைத்து, ஒரு வேலையை மட்டும் சொல்லி, அதை முடித்த உடனேயே இன்னது செய்தாய் என்று குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும் என்பதை நான் ஏற்கனவே வாசித்திருந்தேன். நான்கு பேர் பார்த்திருக்க மூன்று முறை தடுமாறிச் செய்து பார்த்த பிறகே அது வாயில் படிந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல், 4 வயது முதல் 6 வயது நிறையும் வரையுள்ள பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்னதாகப் பரிந்துரைப்பது பெற்றோருக்கான இத்தகைய நடத்தை மேலாண்மைப் பயிற்சியைத்தான். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலும், 5 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரைக் குழுவாக வைத்துப் பயிற்றுவதையே முதலில் வைக்கிறது. ஆகவே உங்கள் மகனின் வயதில் இதை மருந்து கிடைக்கும்வரை பொழுதுபோக்கும் ஏற்பாடாக எண்ண வேண்டாம். பின்னர் வைத்தியர் மெதைல்பெனிடேற் போன்ற மருந்தைத் தொடங்கினால், அதன் அளவைக் குழுவில் கேட்டு மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். இனிப்பை நிறுத்தினால் பிள்ளை அடங்கிவிடும் என்பாரும் வருவார்கள். பல்லுக்கு நல்லது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தகப்பனையும் அழைத்துச் செல்லுங்கள். ஏடிஎச்டி குடும்பங்களில் தொடர்வது. இரட்டையர் ஆய்வுகள் மரபணுவின் பங்கை ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம் என மதிப்பிடுகின்றன. எங்கள் கூட்டத்துக்கு வேண்டாவெறுப்பாக வந்து பின்வரிசையில் இருந்த ஒரு தகப்பன், அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்தில் இதற்காகத்தான் நான் தினமும் அடி வாங்கினேன்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிரம்பு இல்லை.

குழு ஏதும் கண்ணில் படாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிள்ளையைக் காட்டும் கிளினிக்கிலோ, இதே நிலையிலுள்ள வேறு பெற்றோருக்கு உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கும்படி கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். உங்களுக்கே மனம் தாங்காத நாளில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். மூன்று குடும்பங்கள் இருந்தாலே தொடங்கிவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகள் குழப்படி செய்யும் காணொளிகளைப் போடுவதில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். கூட்டம் நடக்கும் ஒரு மணி நேரமும் பிள்ளைகளை வெளியே மணலில் விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மம்மாவை ஒழுங்குசெய்யுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.