சின்னத் தோட்டத்தில் பூ வைத்து விற்பது: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சத்தியமங்கலம் பக்கம் சம்பங்கி, செண்டுமல்லி, குண்டுமல்லி மூன்றும் வைத்து மண்டிக்கு அனுப்பி வருகிறேன். ஒரு ஏக்கருக்குள் பூ வைக்க நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, 50 சென்ட் நிலம், கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. நானும் மனைவியும் மட்டும்தான். எந்தப் பூ வைக்கலாம்?

தம்பி, நிலத்தை விடுங்க, பறிக்கக் கை எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒற்றைச் சம்பங்கி நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு வருஷம் 14, 15 டன் உதிரிப்பூ கொடுக்கும். அப்படிப் பார்த்தால் 50 சென்ட்டுக்கு சுமார் 3 டன், அதாவது தினமும் சராசரியாக 8 கிலோ. ஆனால் பூ சராசரி பார்த்துப் பூக்காது. சீசனில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வந்து நிற்கும், அத்தனையும் காலை எட்டு மணிக்குள் பறித்தாக வேண்டும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நாலு மணிக்கே இறங்கினாலும் இரண்டு பேருக்கு அது கஷ்டம், கூலிக்கு ஆள் பிடிக்கலாம் என்றால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அதனால் 25 சென்ட் சம்பங்கி, மீதியில் செண்டுமல்லி. செண்டுமல்லியை ஒரு நாள் தள்ளிப் பறித்தாலும் பெரிதாகக் கெடாது. சம்பங்கி ஒரு நாள் கூடக் காத்திருக்காது.

சம்பங்கிக் கிழங்கு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

எடுத்த உடனே நடுகிற கிழங்கு வேண்டாம், தோண்டி ஒரு மாசம் நிழலில் ஆறப்போட்டதாக இருக்கணும். எடை 25 முதல் 30 கிராம். சின்னக் கிழங்கு விலை குறைவு என்று வாங்கினால் முதல் பூ தள்ளிப்போகும். 45 செ.மீ.க்கு 20 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 45 ஆயிரம் கிழங்கு பிடிக்கும். ஆனி, ஆடியில் நட்டால் மூன்று நாலு மாசத்தில் பூ வர ஆரம்பிக்கும், ஒரு தடவை நட்டது மூன்று வருஷம் ஓடும்.

வாங்குகிற தோட்டத்துக்கு நேரில் போய் ஒரு குத்துச் செடியைப் பிடுங்கிப் பாருங்க. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு (மண்ணில் இருந்து வேரைத் தாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத புழு), அந்தக் கிழங்கோடு உங்கள் மண்ணுக்கும் வந்துவிடும், அப்புறம் போக்குவது பெரும்பாடு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ருங்கார் ரகம் இந்த வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும். அதே நிலையத்தின் பிரஜ்வால் ரகத்தில் பூ பெருசு, எடை நிற்கும். நடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லி வைத்து எடுத்தாலும் நூற்புழு குறையும், வேப்பம்பிண்ணாக்கும் போடுங்க. தண்ணீர் தேங்குகிற இடமாக இருந்தால் சம்பங்கியே வேண்டாம், கிழங்கு அழுகும்.

உதிரியாக விற்பதா, தண்டோடு வெட்டி விற்பதா? தண்டுக்கு நல்ல விலை என்கிறார்களே?

தண்டுக்கு விலை உண்டு, ஆனால் தினமும் வாங்க ஆள் உண்டா? கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்கள், பூங்கொத்துக் கடைக்காரர்கள்தான் தண்டு கேட்பார்கள், அதுவும் முகூர்த்தத்தை ஒட்டித்தான். மாலை கட்டுகிறவர்களுக்கும் கோயிலுக்கும் உதிரிப்பூ தினமும் வேண்டும். கோயம்புத்தூர், ஈரோடு மாதிரி ஊருக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு மூன்று அலங்காரக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வாங்குவார்கள் என்றால் தண்டுக்கென்று அடுக்குச் சம்பங்கியில் ஐந்து சென்ட் வையுங்க. அடியில் இரண்டு ஜோடிப் பூ விரிந்ததும் வெட்டணும். வெட்டிய கையோடு வாளித் தண்ணீரில் நிற்கவைத்து, கட்டுக்கட்டாகச் சேர்த்து, மேல்பக்கம் பேப்பர் சுற்றி அனுப்பணும். தண்டு வளைந்தால் கழித்துவிடுவார்கள்.

மண்டியில் ஒரே நாளில் எனக்கு ஒரு விலை, பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஒரு விலை. ஏன்?

உங்கள் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்க. உரச் சாக்கில் அமுக்கிக் கட்டின பூ ஒரு மணி நேரத்தில் உள்ளே சூடாகிவிடும், கையில் வெதுவெதுப்புத் தெரியும். நடுவில் இருக்கிற பூ கண்ணாடி மாதிரி ஆகி நிறம் மாறியிருக்கும். ஏலம் எடுக்கிறவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். காற்றோட்டமான மூங்கில் கூடையோ நனைத்துப் பிழிந்த சணல் சாக்கோ போதும், அமுக்காதீங்க. ஈரப் பூ எடை கூடும் என்று தண்ணீர் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வாங்குகிறவர்களுக்குத் தெரியாமல் போகாது. அடுத்த நாள் உங்கள் பூ என்றாலே ஒரு படி குறைத்துத்தான் கேட்பார்கள்.

கமிஷன், சாக்குக் கழிவு (சாக்குக்கென்று எடையில் பிடிப்பது), இறக்கு கூலி மூன்றையும் முதல் நாளே தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்க. கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினால் அந்தக் கடைக்குத்தான் பூ போட்டாகணும், விலை எதிர்த்துக் கேட்க வாய் வராது. அதனால் கூடிய மட்டும் முன்பணம் வாங்காதீங்க.

ஆயுத பூஜைக்கு செண்டுமல்லி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் எல்லாரும் அதற்குத்தான் வைக்கிறார்கள். நாற்று நட்டு 60 நாளில் பூ வந்துவிடும் என்பதால் கணக்குப் போடுவது சுலபம், அந்தச் சுலபம்தான் அன்றைக்கு விலையை விழவைக்கிறது. நாலு பாத்தி என்றால் பதினைந்து நாள் இடைவெளி விட்டு நடுங்க. ஓணத்துக்குக் கேரளா வண்டி வரும், புரட்டாசிச் சனி, தீபாவளி, கார்த்திகை என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கிடைக்கும். நட்ட ஒரு மாசத்தில் நுனி கிள்ளிவிட மறக்காதீங்க, பக்கக் கிளை வந்தால்தான் பூ. ஐப்பசி அடைமழையில் பூ தண்ணீர் குடித்து அழுகும், அந்தப் பருவத்தை நம்பிப் பெரிய பரப்பு வேண்டாம்.

மல்லிகை மார்கழி, தையில் கிலோ 2,000 ரூபாய்க்கு மேலே போகிறதே, அதையே வைத்தால் என்ன?

அந்த விலைக்குக் காரணமே யாரிடமும் பூ இல்லாததுதான், கண்ணு. பனியில் மொட்டு வராது, வருகிற ஒன்றிரண்டும் சிறுத்துப்போகும். உங்கள் தோட்டத்திலும் அன்றைக்கு அரைக் கிலோதான் இருக்கும். கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மாசி பங்குனி முதல் ஆனி வரை கொட்டும், வரவு செலவை அந்த மாச விலையை வைத்துப் போடுங்க. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்கிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்க.

கரூர் பக்கம் பசுமைக்குடில் போட்டு ஜெர்பரா (மேடை அலங்காரத்துக்கான பூ) வைக்க மானியம் தருகிறார்கள். இறங்கலாமா சார்?

நான் சார் இல்லைங்க, அக்கா! வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஓசூர் மேட்டுப்பகுதி, அந்த ஊர்க் காற்றுக்கும் குளிருக்கும் ஜெர்பராவும் ரோஜாவும் நிற்கின்றன, பெங்களூரு சந்தையும் பக்கத்தில். கரூர் வெயிலில் குடிலுக்குள் சூட்டைக் குறைக்கவே செலவு போய்விடும். மானியம் பாதிதான், மீதி பாதி பாங்கிக் கடன். மேடை அலங்காரத்தில் பிளாஸ்டிக் பூ வந்தபிறகு ஜெர்பராவுக்கான கிராக்கியும் அடிவாங்கியிருக்கிறது. ஆசை விடவில்லை என்றால் முதலில் ஓசூரில் ஒரு குடிலில் ஒரு வாரம் வேலை பாருங்க. பூத்தண்டைக் கத்தியால் வெட்டாமல் அடியில் பிடித்துத் திருகி எடுப்பதிலிருந்து (வெட்டினால் மிச்சக் கட்டை செடியிலேயே அழுகும்) பூவுக்குப் பூ பிளாஸ்டிக் உறை மாட்டுவது வரை எவ்வளவு கைவேலை என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு பாங்கிக்குப் போங்க.